விளக்கை அணைத்த பிறகு

31 வருடம் கணவாயை எடை போட்டவன் நான். தூத்துக்குடியில் மீன் ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியில் எடைக் கணக்கு எழுதுகிற வேலை. விசைப்படகுகள் இரவில் கரை திரும்பும். ஐஸ் போட்ட பெட்டிகள் வந்து இறங்கும். ஊசிக் கணவாய் தனி, ஓட்டுக் கணவாய் தனி என்று பெண்கள் பிரித்துப் போடுவார்கள். தலையைப் பிடித்து இழுத்தால் குடலும் மைப்பையும் சேர்ந்து வரும். உள்ளே கண்ணாடித் தகடு போல ஒரு முள் இருக்கும். அதையும் உருவித் தோலை உரித்துவிட்டால் வெள்ளை வெளேரென்று ஒரு குழாய் மிஞ்சும். அதற்குப் பெயர் டியூப். குறுக்கே நறுக்கினால் ரிங். நான் எழுதிய கணக்கெல்லாம் இந்த இரண்டு பெயரில்தான்.

பிடித்து அதிக நேரம் ஆகாத கணவாய் சில இரவுகளில் வரும். அதன் தோலில் செம்பழுப்புப் புள்ளிகள் விரிந்து சுருங்கி, மறுபடி விரிந்து, அலை அலையாக ஓடும். உயிர் போன பிறகும் தோலுக்கு மட்டும் சொல்ல ஏதோ பாக்கி இருப்பது போலத் தோன்றும். தராசின் முன்னால் நின்று அதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அது என்ன என்று ஒருவரிடமும் கேட்டதில்லை. அடுத்த பெட்டி வந்துவிடும்.

இப்போது எனக்கு 74 வயது. நான்கு வருடத்துக்கு முன்னால் என் பேத்தி தன் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். “தாத்தா, உங்க கணவாயைப் பாருங்க.”

கறுப்புத் திரை. அதில் மெல்ல ஓர் உருவம் தெளிந்தது. வெள்ளியையும் தங்கத்தையும் குழைத்துப் பூசிய மாதிரி உடம்பு. கைகள் ஓர் இரையைக் கட்டிப் பிடித்திருந்தன. தலையின் பக்கவாட்டில் ஒரு பெரிய கண். ஜப்பானின் ஒகசவாரா தீவுகளுக்கு அருகே, 2012 ஜூலையில் எடுத்த படம். ஆர்க்கிடூத்திஸ் என்று விஞ்ஞானிகள் பெயர் வைத்திருக்கும் ராட்சதக் கணவாய். அது வாழும் ஆழத்திலேயே, உயிரோடு, ஓடும் படமாக மனிதர்கள் அதைப் பிடித்தது அதுதான் முதல் தடவை.

என் மனம் முதலில் அதன் எடையைத்தான் மதிப்பிட்டது. அடுத்த நொடி எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கம்தான் என்னைப் படிக்க வைத்தது. பேத்தி ஆங்கிலத்தில் படித்துப் பொருள் சொல்வாள். நான் எழுதிக்கொள்வேன். எடைக் கணக்கு எழுதிய அதே மாதிரி நீள நோட்டு.

நம் கரையில் ஒரு முழம் நீளக் கணவாய் வந்தாலே பெரிது என்போம். இதுவோ, இரை பிடிக்கிற இரண்டு நீண்ட கைகளின் நுனிவரை சேர்த்து அளந்தால் 12, 13 மீட்டர் வரை வளரும். அதில் பாதிக்கு மேல் அந்த இரண்டு கைகளே. மூன்று இதயங்கள். செம்பு கலந்த நீல இரத்தம். உணவுக்குழாய் மூளையின் நடுவே புகுந்து போகிறது. அதனால் கிளியலகு போன்ற வாயால் எதையும் சின்னச் சின்னத் துண்டாக நறுக்கித்தான் விழுங்கியாக வேண்டும். இதையெல்லாம் வியந்து எழுதிக்கொண்டே வந்தபோது பேத்தி சொன்னாள், “தாத்தா, சின்னக் கணவாய்க்கும் இப்படித்தானாம்.” அன்று எழுதுவதை நிறுத்திவிட்டேன். 31 வருடம் என் காலடியில் கழுவி ஓடிய தண்ணீரில் எத்தனை மூன்று இதயங்கள் போயிருக்கும்!

நம் கரைக் கணவாயிடம் இல்லாத ஒன்று ராட்சதக் கணவாய்க்கு உண்டு. அதன் தசையில் கடல்நீரைவிட லேசான அம்மோனியக் கரைசல் நிறைந்திருக்கிறது. அதனால் கை கால் அடிக்காமலே அது நீரில் நிற்கும். அதே காரணத்தால் அதன் இறைச்சி கசப்பு, மனிதர் தின்ன ஆகாது. தராசுக்கு வராமல் தப்பிக்க அதற்குக் கிடைத்த வரம் அது என்று எனக்குத் தோன்றுகிறது. உலகின் பல கடல்களில் கிடைத்த 43 ராட்சதக் கணவாய்களின் மரபணுவை ஒப்பிட்டு 2013-இல் ஓர் ஆய்வு வந்தது. ஜப்பானில் கிடைத்ததும் அட்லாண்டிக்கில் கிடைத்ததும் ஒரே இனம், பெரிய வேறுபாடே இல்லை என்று அது சொன்னது. இத்தனை பெரிய உலகத்தில் ஒரே குடும்பம்.

மனிதர்கள் அதை எப்படி எதிர்கொண்டார்கள் என்ற வரலாறுதான் என்னை அதிகம் பிடித்து உட்காரவைத்தது.

1857-இல் டென்மார்க்கின் ஜபெட்டஸ் ஸ்டீன்ஸ்டிரப், கரையொதுங்கிய ஒன்றின் அலகை வைத்து அதற்கு அறிவியல் பெயர் சூட்டினார். 1861 நவம்பரில் அலெக்டன் என்ற பிரெஞ்சுக் கப்பல், கேனரித் தீவுகளுக்கு அருகே மேலே மிதந்த ஒன்றைக் கண்டது. கப்பலில் இருந்தவர்கள் சுட்டார்கள். ஈட்டி எறிந்தார்கள். கடைசியில் கயிற்றுச் சுருக்குப் போட்டு இழுத்தார்கள். கயிறு உடம்பை அறுத்துக்கொண்டு போக, வால் துண்டு மட்டும் மேலே வந்தது. பாரிஸில் இருந்த அறிஞர்கள் பலர் அந்தச் செய்தியை நம்பவில்லை. ஜூல்ஸ் வெர்ன் தன் கடலடி நாவலில் அதை ஓர் அரக்கனாக்கி விட்டார்.

1873 அக்டோபரில், இன்றைய கனடாவைச் சேர்ந்த நியூஃபவுண்ட்லாந்தில் மீன்பிடிக்கப் போன ஒரு சிறு படகு, தண்ணீரில் மிதந்த ஏதோ ஒன்றைக் கண்டது. உடைந்த கப்பலின் சாமானாக இருக்கும் என்று கொக்கிக் கம்பால் குத்தினார்கள். அது கைகளை வீசிப் படகைப் பற்றியது. படகில் இருந்த 12 வயதுப் பையன் டாம் பிக்கட் கைக்கோடாரியால் வெட்டியதாகச் சொல்வார்கள். வெட்டுப்பட்ட கையின் துண்டு 19 அடி. அதை மோசஸ் ஹார்வி என்ற பாதிரியார் வாங்கினார். அடுத்த மாதமே அந்தப் பக்கத்து மீனவர்களின் ஹெர்ரிங் வலையில் முழுதாக ஒன்று சிக்க, 10 டாலருக்கு அதையும் வாங்கி, வீட்டுக் குளியலறைக் கம்பியில் தொங்கவிட்டுப் படம் எடுக்கவைத்தார். ராட்சதக் கணவாயின் முதல் புகைப்படம் அதுதான். ஈரத் துணி காயப்போட்ட மாதிரி அந்தக் கைகள் தொங்குகின்றன. ஹார்வி அன்போடும் ஆவலோடும்தான் அதைச் செய்தார். அவரால்தான் உலகம் நம்பியது. இருந்தாலும் அந்தப் படத்தை என்னால் நெடுநேரம் பார்க்க முடியவில்லை.

கொக்கி, கோடாரி, துப்பாக்கி, சுருக்குக் கயிறு. பிறகு நூறு வருடத்துக்கு மேல் பிணங்கள். கரையொதுங்கியவை, இழுவலையில் சிக்கியவை, திமிங்கலத்தின் வயிற்றில் கிடந்தவை. அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனத்து கிளைட் ரோப்பர் தன் வாழ்நாளின் பெரும்பகுதியை இந்த ஒரே உயிருக்குக் கொடுத்தவர். 1997-லும் 1999-லும் நியூசிலாந்தின் கைக்கூரா ஆழ்பள்ளத்துக்குக் குழுவோடு போனார். ஒன்றைக்கூட உயிரோடு பார்க்கவில்லை.

தோக்கியோ தேசிய அறிவியல் அருங்காட்சியகத்தின் சுனேமி குபோதெரா வேறு வழியில் யோசித்தார். இந்தக் கணவாயைத் தின்னும் எண்ணெய்த் திமிங்கலம் எங்கே கூடுகிறதோ அங்கே அதன் இரையும் இருக்கும். ஒகசவாராவில் திமிங்கலம் பார்க்க ஆட்களை அழைத்துப் போகும் சங்கத்தைச் சேர்ந்த கியோயிச்சி மோரியைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டார். தூண்டில் கயிற்றில் இரையையும் கேமராவையும் கட்டி இறக்கினார்கள். 2004 செப்டம்பர் 30-ஆம் தேதி காலை, 900 மீட்டர் ஆழத்தில் ஒரு ராட்சதக் கணவாய் அந்த இரையைப் பாய்ந்து பிடித்தது. கை தூண்டிலில் மாட்டிக்கொண்டது. நான்கு மணி நேரத்துக்கு மேல் அது போராடியது. கேமரா 500-க்கு மேல் படங்கள் எடுத்தது. கடைசியில் அது தன் கையை அறுத்துக்கொண்டு போய்விட்டது. மேலே வந்த 5.5 மீட்டர் கையின் உறிஞ்சிகள், தொட்ட விரலை அப்போதும் பற்றினவாம். உலகம் கொண்டாடிய கண்டுபிடிப்பு. அதற்கு அந்தக் கணவாய் ஒரு கையைக் கொடுத்தது.

அதன் கண்ணைப் பற்றிச் சொன்னால்தான் மீதி புரியும். ராட்சதக் கணவாயின் கண் 27 சென்டிமீட்டர் அகலம். சாப்பாட்டுத் தட்டு அளவு. இவ்வளவு பெரிய கண் எதற்கு? ஸ்வீடனின் டான் எரிக் நில்சன் குழு 2012-இல் ஒரு விடை சொன்னது. சின்ன மீனைப் பார்க்க இத்தனை பெரிய கண் தேவையில்லை. எண்ணெய்த் திமிங்கலம் இருட்டில் நீந்தி வரும்போது அதன் உடம்பு இடித்து, வழியில் உள்ள நுண்ணுயிர்களும் ஜெல்லி மீன்களும் மினுங்கும். அந்த மங்கலான மினுக்கத்தை 120 மீட்டர் தூரத்திலேயே கண்டுகொள்ளத்தான் அந்தக் கண். தன்னைத் தின்ன வருகிறவனை, அவன் கலக்கும் வெளிச்சத்தை வைத்து அறிகிற கண்.

இந்தத் திமிங்கலம் நம் ஊர்க்காரர்களுக்குச் செய்தித்தாள் வழியாகத் தெரியும். கோடிக்கணக்கில் மதிப்புள்ள ‘திமிங்கல உமிழ்நீர்’ கடத்தியவர்கள் பிடிபட்டார்கள் என்று நம் கடலோர மாவட்டங்களில் அடிக்கடி செய்தி வருகிறது. அது உமிழ்நீர் அல்ல. திமிங்கலத்தின் குடலில் உருவாகும் மெழுகுக்கட்டி. செரிக்காத கணவாய் அலகுகள் அதற்குள் பதிந்து கிடக்கும். அந்த அலகுகள் குடலை உறுத்துவதால்தான் அது உருவாகிறது என்று கருதுகிறார்கள். எண்ணெய்த் திமிங்கலம் 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளது. அந்தக் கட்டியை வைத்திருப்பதும் விற்பதும் குற்றம். கரையில் கிடைத்தால் வனத்துறையிடம் கொடுத்துவிடுங்கள், தம்பிகளே. ஒரு கட்டிக்காகச் சிறைக்குப் போன பிள்ளைகளின் தாய்மார்களை எனக்குத் தெரியும்.

கண்ணுக்கு வருகிறேன். மங்கல் மினுக்கத்துக்காகவே வளர்ந்த அந்தக் கண்ணைத் தேடி நாம் என்ன கொண்டு போனோம்? இரைச்சல் போடும் எந்திரத்தையும், கண்ணைக் குருடாக்கும் வெள்ளை விளக்கையும். அது நம்மிடம் வராமல் போனதில் என்ன ஆச்சரியம்?

இதை உரக்கக் கேட்டவர் எடித் விட்டர் என்ற அமெரிக்க விஞ்ஞானி. கல்லூரியில் படிக்கும்போது முதுகெலும்பில் அறுவை சிகிச்சை நடந்து, அதன் பின்விளைவாகக் கொஞ்ச காலம் பார்வையே இல்லாமல் படுத்திருந்தவர். 1984-இல் கலிஃபோர்னியாவின் சாண்டா பார்பரா கால்வாயில், ஓர் ஆள் மட்டும் நுழையும் கவச உடையில் 268 மீட்டர் ஆழத்துக்கு இறங்கினார். அங்கே போய் விளக்கை அணைத்தார். சுற்றிலும் நீல ஒளி, பொறியாக, சுருளாக, புகையாகச் சிதறியதைப் பார்த்தார். ஆழ்கடல் உயிர்களில் பெரும்பாலானவை தம் உடம்பிலேயே ஒளி உண்டாக்குபவை. அங்கே ஒளிதான் பேச்சு. இரையை அழைக்க ஓர் ஒளி, துணையை அழைக்க ஓர் ஒளி, எதிரியைத் திகைக்கவைக்க ஓர் ஒளி. அந்தப் பேச்சுக்கு நடுவே நாம் வெள்ளை விளக்கோடு போவது, நாலு பேர் தணிந்த குரலில் பேசுகிற வீட்டுக்குள் ஒலிபெருக்கியோடு நுழைவதற்குச் சமம்.

அவர் இரண்டு காரியம் செய்தார். அடர்சிவப்பு விளக்கைக் கேமராவில் பொருத்தினார். சிவப்பு நிறத்தைக் கடல்நீர் மேல்மட்டத்திலேயே விழுங்கிவிடும். அதனால் ஆழத்து உயிர்களில் பெரும்பாலானவற்றின் கண்ணுக்குச் சிவப்பு தெரியாது. இரண்டாவது, ஒரு பொய் ஜெல்லி மீன். அட்டோலா என்ற ஜெல்லி மீனை ஏதாவது கடித்தால் அது சக்கரம் போல நீல ஒளியைச் சுழலவிடும். ‘என்னைக் கொல்கிறார்கள்’ என்று ஊரைக் கூட்டுகிற ஒளி. அதைக் கண்டு இன்னும் பெரிய உயிர் ஒன்று வந்து, கடித்ததைப் பிடித்துக்கொண்டால் ஜெல்லி மீன் தப்பிக்கும். விட்டர் அந்த ஒளியை நீலப் பல்புகளால் வட்டமாகச் செய்தார். 2004-இல் மெக்சிகோ வளைகுடாவில் அதை முதன்முதலாக எரியவிட்ட 86-ஆவது வினாடியில், ஆறடிக்கு மேல் நீளமான, எந்தக் குடும்பத்திலும் சேர்க்க முடியாத ஒரு கணவாய் கேமராவின் முன் வந்தது.

கடலோரத்தில் பிறந்தவர்கள் இந்த இடத்தில் என்னை மறிப்பார்கள். ‘கணவாய் விளக்குக்கு வருமே, வேய்?’ என்பார்கள். வரும். இரவில் விளக்குக் கட்டிக் கணவாய் பிடிக்கிற தொழிலை நானும் அறிவேன். மேலே வாழும் சின்னக் கணவாய்க்கு அது சரி. ஆழத்தில் இருப்பதற்கு வேறு கண். அதற்கும் ஓர் ஒளி வேண்டியிருந்தது, ஆனால் அது துன்பப்படுகிற ஒன்றின் சின்ன நீல ஒளியாக இருக்க வேண்டியிருந்தது.

இதைப் பேத்தி படித்துச் சொன்ன இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. முதலில் அப்பாவின் நினைவு.

என் அப்பா சங்குகுளிகாரர். மூச்சைப் பிடித்துக்கொண்டு எட்டுப் பாகம், ஒன்பது பாகம் இறங்குவார். இரண்டு கையையும் விரித்தால் வரும் நீளம் ஒரு பாகம். எனக்கு 14 வயதில் ஒரு நாள் ஆழம் குறைந்த இடத்தில் என்னையும் இறக்கினார். அடியைத் தொட்ட சந்தோஷத்தில் காலை உதைத்தேன். மணல் புகையாகக் கிளம்பி என் கைகூட எனக்குத் தெரியவில்லை. வெறுங்கையோடு மேலே வந்தேன். அவர் திட்டவில்லை. “சங்கு எங்கயும் ஓடாதுல. அது ஊர்ந்த தடம் மணல்லயே கெடக்கும். நீதான் மண்ணைக் கெளப்பி ஒன் கண்ணை மறைச்சுக்கிட்ட” என்றார். அவர் அதிகம் பேசாதவர். அவர் சொன்னதை அன்று சங்கைப் பற்றிய பேச்சாகத்தான் எடுத்துக்கொண்டேன். எனக்கு 19 வயதாகும்போது அவர் போய்விட்டார்.

பிறகு என் மகன்.

படிப்பு முடித்துச் சென்னையில் வேலைக்குப் போனவன், ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் பையோடு வந்து நின்றான். மாடி அறைக்குள் போனவன்தான். சாப்பாட்டுக்குக்கூடக் கீழே இறங்கமாட்டான். அறையில் விளக்குப் போடமாட்டான். எனக்கு வேலை முடிய இரவு வெகுநேரம் ஆகும். மேலெல்லாம் மீன் வாடையும் ஐஸ் குளிருமாக நேரே மாடியேறுவேன். டியூப்லைட் சுவிட்சைத் தட்டுவேன். “என்னல ஆச்சு? வாயைத் தெறந்து சொல்லு.” அவன் முழங்கையால் கண்ணை மூடிக்கொண்டு சுவரோரம் திரும்பிப் படுப்பான். மறுநாளும் அதே. ஒரு மாதத்துக்கு மேல் இப்படி நடந்தது. அவன் மேல் உள்ள அக்கறையில்தான் செய்தேன். ஹார்வி பாதிரியாருக்கும் அக்கறை இருந்தது.

என் மனைவி வேறு விதமாக இருந்தாள். சாயங்காலம் ஒரு சுளகில் சின்ன உள்ளியைப் போட்டுக்கொண்டு மாடிப்படியின் மேல்படியில், அவன் அறை வாசலுக்கு வெளியே உட்காருவாள். விளக்குப் போடமாட்டாள். ஒன்றும் கேட்கமாட்டாள். இருட்டில் உள்ளி உரிப்பாள். சில நாள் தன்பாட்டுக்கு ஏதாவது சொல்லுவாள். கல்யாணத்துக்கு முன் ஆசிரியர் பயிற்சித் தேர்வில் தோற்றுப்போய், அந்தத் தாளை அரிசிப் பானைக்குள் ஒளித்துவைத்து, ஒரு மாதம் அப்பாவின் முகத்தைப் பார்க்காமல் நடந்ததை ஒரு நாள் சொல்லியிருக்கிறாள். அதுவரை எனக்கே அவள் அதைச் சொன்னதில்லை. அது முடிந்து கொஞ்ச நேரம் கழித்து, இருட்டுக்குள்ளிருந்து அவன் பேச ஆரம்பித்தானாம். வேலை போய் ஐந்து மாதம் ஆகியிருந்தது. அதை மறைக்கக் கடன் வாங்கி, அந்தக் கடனை அடைக்க இன்னொரு கடன்.

அன்று நான் வீடு வந்தபோது அவள் படியில் வழிமறித்தாள். “மேல போகாதீங்க. பிள்ளை இன்னைக்குத்தான் தூங்குறான்.”

அவளுடைய வளையல் போயிற்று, கடன் அடைந்தது. அவன் மறுபடி எழுந்தான், இன்று நன்றாக இருக்கிறான். அதை நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. சொல்ல வேண்டியது, அதற்குப் பிறகு பல வருடம் எனக்குள் ஒரு வருத்தம் இருந்தது என்பதுதான். பெற்றவன் தினமும் கேட்டேனே, என்னிடம் ஏன் சொல்லவில்லை? ஒன்றுமே கேட்காதவளிடம் ஏன் சொன்னான்? அவள் இறந்து ஆறு வருடம் ஆகிறது. அவள் இருந்தவரை இந்தக் கேள்வியை அவளிடமும் கேட்டேன். சிரித்துவிட்டுப் போய்விடுவாள்.

பேத்தி காட்டிய படத்துக்கு வருகிறேன். 2012-இல் ஒகசவாராவில் நடந்தது இதுதான். ஜப்பானின் என்எச்கே தொலைக்காட்சி ஏற்பாடு செய்த பயணத்தில் குபோதெரா, விட்டர், நியூசிலாந்திலிருந்து ஸ்டீவ் ஓஷே மூவரும் போனார்கள். விட்டர் தன் கேமராவை எந்திரம் எதுவும் இல்லாமல், மிதவையில் கட்டிய நீண்ட கயிற்றில் தொங்கவிட்டார். கூடவே அந்த நீல ஒளி. சிவப்பு விளக்கின் மங்கலில், முதலில் கைகள் மட்டும் திரைக்குள் நீண்டன. ராட்சதக் கணவாய் தானாகத் தேடி வந்திருந்தது. பொய் ஜெல்லி மீனை அது கடிக்கப் போகவில்லை. அதன் பக்கத்தில் இருந்த கேமராச் சட்டத்தைத்தான் பற்றியது. ஜெல்லி மீனைத் துன்புறுத்துவது அந்தச் சட்டமே என்று எண்ணியிருக்கலாம்.

பிறகு குபோதெரா நீர்மூழ்கியில் இறங்கினார். ஒரு மீட்டர் நீளக் கணவாயை இரையாகக் கட்டி, வெள்ளை விளக்குகளை அணைத்து, இருட்டோடு இருட்டாக மெல்லக் கீழே போனார்கள். சுமார் 630 மீட்டரில் அது வந்து இரையைக் கட்டிக்கொண்டது. பாகக் கணக்கில் 340-க்கு மேல். எட்வர்ட் ஃபோர்ப்ஸ் என்ற பேரறிஞர் 1843-இல், 300 பாகத்துக்குக் கீழே கடலில் உயிரே இருக்காது என்று கணித்தார். அவர் கோடு போட்ட இடத்துக்குக் கீழேதான் அது விருந்து உண்டுகொண்டிருந்தது. அது நன்றாகப் பிடித்து நிலைகொண்ட பிறகு வெள்ளை விளக்கைப் போட்டார்கள். ஓடவில்லை. 20 நிமிடத்துக்கு மேல், 900 மீட்டர் வரை இரையோடு சேர்ந்து இறங்கிப் போய், பிறகுதான் விட்டது. நான் போனில் பார்த்த வெள்ளியும் தங்கமும் அந்த விளக்கில் தெரிந்த நிறம். வெளிச்சமே கூடாது என்றில்லை. அது கடைசியில் வரவேண்டியது. நான் அதை முதலில் கொண்டுபோனேன்.

அந்தக் கணவாய்க்கு நீண்ட இரண்டு கைகளும் இல்லை. எங்கேயோ எப்போதோ இழந்திருக்கிறது.

நம் நாடும் இப்போது ஆழத்துக்கு இறங்கப் போகிறது. சென்னை பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம், மூன்று பேரை 6000 மீட்டர் ஆழத்துக்குக் கொண்டுபோக மத்ஸ்யா 6000 என்ற நீர்மூழ்கியை உருவாக்கி வருகிறது. தாதுக்களைத் தேடுவது அதன் முக்கியமான நோக்கங்களில் ஒன்று. நாட்டுக்கு அது வேண்டியிருக்கலாம். ஆனால் ஆழ்கடலை எடைக் கணக்காக மட்டும் பார்த்துப் பழகிவிடக் கூடாது என்று ஒரு பழைய எடைக்காரனாகச் சொல்கிறேன். அதில் இறங்கப் போகிற பிள்ளைகளிடம் எனக்கு ஒரே ஒரு வேண்டுகோள் உண்டு. வேலையெல்லாம் முடிந்து மேலே திரும்புவதற்கு முன், கொஞ்ச நேரம் விளக்குகளை அணைத்துவிட்டு உட்காருங்கள்.

2025 ஏப்ரலில் இன்னொரு செய்தி வந்தது. ராட்சதக் கணவாயைவிடவும் கனமான கணவாய் ஒன்று அண்டார்டிகாவைச் சுற்றிய கடலில் உண்டு. 1925-இல், எண்ணெய்த் திமிங்கலத்தின் வயிற்றில் கிடைத்த கைகளை வைத்து அதற்குப் பெயர் வைத்தார்கள். 2007-இல் நியூசிலாந்து மீன்பிடிக் கப்பல் ஒன்றில் சிக்கியது 495 கிலோ. வெலிங்டன் அருங்காட்சியகத்தில் அதைப் பாடம்செய்து வைத்திருக்கிறார்கள். அதன் சொந்த ஆழத்தில் உயிரோடு அதைப் படம் பிடித்தவர் எவரும் இல்லாமலே நூறு வருடம் ஓடிவிட்டது. 2025 மார்ச் 9-ஆம் தேதி, தெற்கு சாண்ட்விச் தீவுகளுக்கு அருகே, 600 மீட்டர் ஆழத்தில், ஷ்மிட் கடல் ஆய்வு நிறுவனத்தின் கேமரா முன்னால் முதன்முதலாக ஒன்று வந்தது. ஒரு குட்டி. 30 சென்டிமீட்டர். உடம்பு கண்ணாடி.

என் பேத்தி இப்போது 12-ஆம் வகுப்பு. சில நாள் மாடி அறையில் விளக்கில்லாமல் உட்கார்ந்திருப்பாள். நான் சுளகை எடுத்துக்கொண்டு மெல்ல ஏறிப்போய் மேல்படியில் உட்காருவேன். எனக்கு உள்ளி உரிக்க அவ்வளவு வராது. வளையல் போன கதையை, அவள் அப்பாவை நான் கேட்ட கேள்விகளை, அந்த ஒரு மாதத்தை, அங்கே வைத்துத்தான் அவளிடம் சொன்னேன்.

ஒகசவாராவில் எடுத்த படம் யாரும் பார்க்கக் கிடைக்கிறது. சின்னப் படம்தான். உங்கள் வீட்டுப் பிள்ளைகளோடு ஓர் இரவு அதைப் பாருங்கள். பார்க்கும்போது வீட்டு விளக்குகளை அணைத்துவிடுங்கள். படம் முடிந்ததும் என்ன புரிந்தது என்று அவர்களைக் கேட்காதீர்கள். கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருங்கள்.